டூல் ட்ராலிக்கு மயில்கழுத்து கலர் அடிக்கணும், பவுடர் கோட்டிங்கா பியூ-வா எனாமலா?

சேலம்_டூவீலர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல டூவீலர் மெக்கானிக்கா இருக்கேன், இத்தன வருஷம் ஒருத்தர்கிட்ட வேலைக்கு இருந்துட்டு இப்ப தை மாசம் சொந்தமா கடை போடப்போறேன். மூடிட்டுப் போன ஒரு கார் ஷெட்டுல இருந்து 7 டிராயர் வச்ச டூல் ட்ராலி ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல எடுத்தேன், தகடு நல்ல கனம், ஸ்லைடு எல்லாம் பால் பேரிங், வீல் நாலும் நல்லா ஓடுது. 27 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் ஆழம், 36 இஞ்ச் உயரம். பெயின்ட்தான் போச்சு. ஒரு காலத்துல சிவப்பா இருந்திருக்கு, இப்ப வெளிறிப்போய் காவி மாதிரி ஆயிடுச்சு, மேல் தட்டுல பிரேக் ஆயில் ஊத்துன இடமெல்லாம் உரிஞ்சு நிக்குது, அடில வீல் போல்ட் பக்கம் துரு, ரெண்டு டிராயர்ல சின்ன ஒடுக்கு, கம்பெனி ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு பாதி ஒட்டிட்டு இருக்கு.

இதுக்கு மயில்கழுத்து கலர் அடிக்கணும். சும்மா நீலம் இல்ல, கடல் பச்சையும் இல்ல, பட்டுப்புடவைல வருமே அந்த மயில்கழுத்து, நேரா பாத்தா நீலம், லேசா திருப்புனா பச்சை. எனக்கு அந்த கலர் அவ்ளோ பிடிக்கும், கடை போர்டு கூட அந்த கலர்ல தான் யோசிச்சு வச்சிருக்கேன், எங்க போனாலும் ட்ராலின்னா சிவப்பு இல்லன்னா நீலம் இல்லன்னா கருப்பு, நம்ம கடைக்குள்ள வர்றவங்க கண்ணு முதல்ல இதுமேல போகணும்.

வீட்ல இருந்து ஒரு ஜாக்கெட் துணிய எடுத்துட்டு பெயின்ட் கடைக்குப் போனேன், அவங்க மெஷின வச்சு ஸ்கேன் பண்ணி ஒரு ஷேட் கலக்கிக் குடுத்தாங்க, பழைய தகட்டுல அடிச்சுப் பாத்தா மங்கலான ஒரு நீலம், உயிரே இல்ல. கேட்டா மெஷின் காட்டுனது இதுதான்னு சொல்லிட்டாங்க. வேற எங்கயாவது கேக்கணுமா இல்ல இந்த கலர் இரும்புல வரவே வராதா?

அப்புறம் தூளா ஒட்டி ஓவன்ல வேகவைக்கிற பவுடர் கோட்டிங் குடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரிதேன், அதான் பியூ, அடிங்கன்னு ஒருத்தர், எனாமலே போதும்ங்குறார் இன்னொருத்தர். என்கிட்ட 1 ஹெச்பி கம்ப்ரஸரும் சின்ன ஸ்ப்ரே கன்னும் இருக்கு. இப்ப ஐப்பசி மழை வேற. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.


தறிவீடு_இளம்பிள்ளை எழுதியது:

அண்ணா நானும் உங்க பக்கத்து ஊர்தான், எங்க வீட்ல தறி ஓடுது. பெயின்ட் வேலைய பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கலர் பத்தி மட்டும் சொல்றேன். மயில்கழுத்துங்குறது ஒரு சாயம் இல்ல. பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர், ஒண்ணு நீலம் ஒண்ணு பச்சை, ரெண்டும் குறுக்க நெடுக்க போகுது. நூலு பளபளன்னு இருக்கறதால எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் விழுதோ அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு நூல் மேல தெரியும், இன்னொண்ணு அடங்கிடும். துணிய மடிச்சு புடிச்சா மேடு ஒரு கலர் பள்ளம் ஒரு கலரா தெரியுறது அதனாலதான். மெஷின் துணிய தட்டையா வச்சு பாக்குது, ரெண்டு நூலையும் சேத்து ஒரே கலரா கணக்கு போட்டுடுது, நடுவுல இருக்குற ஒரு நீலப்பச்சைதான் வரும், அது ரெண்டு நூல்லயும் இல்லாத கலர். கடைக்காரர் பொய் சொல்லல.

இன்னொரு விஷயம். மயில்கழுத்து எடுப்பா தெரியணும்னா பக்கத்துல என்ன கலர் இருக்குங்குறது ரொம்ப முக்கியம். நாங்க உடல் மயில்கழுத்துன்னா பார்டர் அரக்குல போடுவோம், தனியா அந்த கலர மட்டும் ஓட்டுனா பாதி அழகு கூட வராது. உங்க ட்ராலிலயும் டிராயர் முகம் மட்டும் மயில்கழுத்து வச்சுட்டு சுத்தி இருக்குற பெட்டிய அரக்கு ஆக்கிப் பாருங்க. முழுசும் ஒரே கலர் அடிச்சா இருட்டான கடைக்குள்ள வெறும் கரும்பச்சையாதான் தெரியும்னு எனக்குத் தோணுது.


கோவை_டிங்கரிங் எழுதியது:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நான் கோயமுத்தூர்ல டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வச்சிருக்கேன், இந்த கலர் கேட்டு பைக் டேங்க் நிறைய வந்திருக்குங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க தம்பி.

சாலிட் கலர்ல எந்த ஊர் கடைல கலக்குனாலும் மயில்கழுத்து வராதுங்க. அதுக்கு பேர்ல் வேணும். காக்காப்பொன்னுன்னு சொல்வோமே அந்த மைக்கா, அதை மாவு மாதிரி சின்ன செதில்களா ஆக்கி மேல டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிசா பூசியிருப்பாங்க. அந்தப் பூச்சு எவ்ளோ கனமோ அதுக்குத் தகுந்த கலர் தெரியும், ஒரு கனத்துல தங்கம், ஒரு கனத்துல நீலம், இன்னொரு கனத்துல பச்சை, சாயம்னு ஒண்ணும் கிடையாது, வெளிச்சம் அந்தப் பூச்சோட மேல பாதி கீழ பாதி பட்டுத் திரும்புறதுலயே கலர் உண்டாகுது. நிஜ மயில் இறகும் இப்படித்தாங்க, அதுல நீல சாயமோ பச்சை சாயமோ இல்ல. நம்ம முடில கருப்பு குடுக்குற மெலனின் இருக்கு பாருங்க, அது குச்சி குச்சியா வரிசையா அடுக்கி இருக்கு, அந்த அடுக்கோட இடைவெளிதான் நீலமா பச்சையான்னு தீர்மானிக்குது, மெலனின் கருப்பா இருக்குறதால மிச்ச வெளிச்சத்த முழுங்கிடுது, அதனாலதான் கலர் அவ்ளோ ஆழமா தெரியுது.

இத ஏன் சொல்றேன்னா நம்ம வேலையிலயும் அடில கருப்பு இருக்கணும். இதே பேர்ல வெள்ளை மேல அடிச்சீங்கன்னா வெளிறிப்போய் எதுவுமே தெரியாது. அதனால முதல்ல கருப்பு, அதுமேல நீலமும் பச்சையும் காட்டுற பேர்ல் மெல்லிசா மூணு நாலு கை, அதுமேல டூ-கே க்ளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பியூ. இந்த மூணு அடுக்கு வேலைதான் மயில்கழுத்துக்கு வழி. பெயின்ட் கடைல "நீலத்துல இருந்து பச்சைக்கு மாறுற இன்டர்ஃபெரன்ஸ் பேர்ல்"ன்னு கேளுங்க, கேமிலியன்னும் சொல்வாங்க, நல்லா மாறுற கேமிலியன் பிக்மென்ட் விலை ஜாஸ்தி, சாதா பேர்ல் கம்மி.

இப்ப விலை பத்தி பயப்பட வேண்டாம், ஏன்னா தங்கச்சி சொன்ன மாதிரி டிராயர் முகம் மட்டும் அடிச்சா முன்பக்கம் மொத்தமே 7 சதுர அடிக்கு உள்ளதாங்க வருது. கலந்த பேர்ல் அரை லிட்டர், க்ளியர் அரை லிட்டர், அதுக்கு ஹார்டனர், சோதனைத் தகடு அடிச்சுப் பாத்தும் மிச்சமாகும். உங்க 1 ஹெச்பி கம்ப்ரஸர் முழு ட்ராலிக்கு திணறும், டிராயர் முகத்துக்கு சின்ன கன்னோட தாராளமா போதும்.

ஒரே ஒரு இடத்துல தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, இதை மட்டும் நல்லா கேட்டுக்கங்க. ஏழு டிராயரையும் ட்ராலில இருக்குற மாதிரியே நிக்க வச்சு, ஒண்ணு கீழ ஒண்ணா வரிசையா வச்சு, ஒரே நேரத்துல அடிக்கணும், இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் வெளிய போய் தான் விரல எடுக்கணும். கன்னுக்கும் தகட்டுக்கும் 15, 20 சென்டிமீட்டர், ஒரு ஓட்டத்துல பாதி அடுத்த ஓட்டத்து மேல விழணும். நாலு டிராயர படுக்க வச்சும் மூணு டிராயர நிக்க வச்சும் அடிச்சா செதில் படியுற கோணம் மாறிப்போயி ஒரே டப்பா பெயின்ட்டுலயே ரெண்டு கலரா தெரியும். முதல் நாள் நாலு மறுநாள் மூணுன்னும் பிரிக்காதீங்க. ஈரமா அள்ளி ஊத்தக்கூடாது, ஊத்துனா செதில் மிதந்து திட்டு திட்டா நிக்கும்.

ஒரு குறையும் இருக்குங்க, மறைக்கக்கூடாது. பேர்ல்ல கீறல் விழுந்தா அந்த இடத்த மட்டும் தொட்டு சரி பண்ண முடியாது, அந்த டிராயர் முகம் முழுசும் திரும்ப அடிக்கணும். அதான் மேல் தட்டுக்கும் பக்கவாட்டுக்கும் இது வேண்டாங்குறேன், அங்க ஸ்பேனர் விழும், பைக் ஹேண்டில் உரசும்.


மதுரை_கேரேஜ் எழுதியது:

அண்ணே எல்லாம் சரி, ஆனா டூல்ஸ் வைக்கிற பெட்டிக்கு எதுக்குண்ணே இத்தன அடுக்கு. நான் ரெட் ஆக்சைடு ஒரு கை, சிந்தடிக் எனாமல் ரெண்டு கை அடிச்சு வச்சிருக்கேன், ஜம்முனு ஓடுது. அடிபட்டா ஒரு சின்ன பிரஷ்ல தொட்டு விட்ரலாம், அரை மணி நேர வேலை. நீங்களே சொல்றீங்க பேர்ல்ல தொட முடியாதுன்னு. டெய்லி கிரீஸ் கையோட இழுக்குற டிராயர்ண்ணே இது.


கோவை_டிங்கரிங் எழுதியது:

உங்க கேள்வி நியாயமானதுங்க. தொட்டு அடிக்கிற வசதில எனாமல மிஞ்ச ஒண்ணும் இல்ல, ட்ராலி அடிப்பக்கம் முதுகுப்பக்கத்துக்கு நானே எனாமல்தான் சொல்வேன். ஆனா இந்தத் தம்பியோட ட்ராலி மேல் தட்டு எதனால உரிஞ்சுதுன்னு அவரே எழுதியிருக்கார் பாருங்க, பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 ரெண்டுமே கிளைக்கால் ஈத்தர்ங்க, எனாமல் மேல ஊத்துனா பெயின்ட் ரிமூவர் வேலை பாத்துடும். கார்ப் க்ளீனர், பெட்ரோல், தின்னர் எல்லாமே எனாமலுக்கு ஆகாது. அதோட எனாமல் தொட்டா ஒட்டாத மாதிரி காய்ஞ்சாலும் உள்ள இறுக வாரக்கணக்கா ஆகும், அதுக்குள்ள கனமா எதையாவது வச்சா அச்சு பதிஞ்சுடும். பியூ ஹார்டனரோட இறுகுறதால இதுக்கெல்லாம் நல்லா தாங்கும், பிரேக் ஆயில் பட்டா மட்டும் அதையும் உடனே தொடைச்சிடணும்.

அப்புறம் பொதுவா எல்லாருக்கும், பழைய பெயின்ட் மேல எதையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு துணில என்சி (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கு ஊத்துற) தின்னர் நனைச்சு ஒரு மூலைல கொஞ்ச நேரம் அமுக்கி வச்சு எடுங்க. சுருங்கிச்சுன்னா, இல்ல கலர் துணில வந்துச்சுன்னா அதுமேல பியூ-வோ என்சி-யோ நேரா அடிக்கக்கூடாது, அடில இருக்குறது கொப்புளிச்சுட்டு மேல வரும். அதை முழுசா எடுத்தே ஆகணும்.


ஓசூர்_பவுடர் எழுதியது:

நான் ஓசூர்ல பவுடர் கோட்டிங் யூனிட்ல ப்ரொடக்ஷன் பாக்குறேன். இந்த வேலைக்கு என் யோசனை: பெட்டி முழுக்க பவுடர், டிராயர் முகத்துக்கு மட்டும் அண்ணன் சொன்ன பேர்ல். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது, பவுடர் நல்லா வெந்துட்டா அதுமேல 400 எமரி போட்டு மங்கவச்சு பேஸ் கோட், அதான் க்ளியருக்கு அடில வர்ற கலர், அடிக்கலாம், பிடிச்சுக்கும். டிராயர் எல்லாம் கருப்பு பவுடர்ல குடுத்துடுங்க, அதுவே உங்களுக்கு அடிக் கருப்பும் ஆச்சு, உள்பக்கமும் முடிஞ்சுது.

அரக்குன்னு மேடம் சொன்னாங்கல்ல, ரால்னு சொல்ற கலர் நம்பர் அட்டைல 3005 பாருங்க, ஒயின் ரெட், அரக்குக்கு ரொம்ப கிட்ட வரும். இன்னும் பழுப்பு கலந்து வேணும்னா 3011. ரால் நம்பர் 1927ல ஜெர்மனில 40 கலரோட ஆரம்பிச்சது, இன்னிக்கு பவுடர்ல எந்த ஊர் யூனிட்டுக்குப் போனாலும் அந்த நம்பர சொன்னா புரியும். வாய்ல "அரக்கு"ன்னு சொன்னா ஆளுக்கு ஒரு கலர் நினைப்பாங்க, நம்பர எழுதிக் குடுங்க, முடிஞ்சா அவங்க கிட்ட இருக்குற பேனல் மேல கை வச்சு காட்டுங்க, டியூப்லைட்ல பாக்காம வாசல் வெயில்ல வச்சுப் பாருங்க.

ஆனா ஒண்ணு, பவுடர்ல உங்களுக்குன்னு தனியா ஒரு கலர் கலக்கித் தரச் சொன்னா நடக்காது. பெயின்ட் மாதிரி டப்பால கலக்குறது இல்ல இது, ரெசின், பிக்மென்ட் எல்லாம் ஃபேக்டரில உருக்கி அரைச்சு வர்றது, பெட்டி பெட்டியாதான் வாங்கணும், ஒரு ட்ராலிக்கு ஒரு பெட்டில கொஞ்சம்தான் போகும். அதனால யூனிட்ல போய் "3005 எப்ப ஓட்டுவீங்க"ன்னு கேட்டு வைங்க, அந்த கலர் வேலை வர்ற அன்னிக்கு உங்களதையும் சேத்து தொங்கவிட்ருவாங்க, ரேட்டும் குறையும். அவசரப்பட்டா கருப்பு, 7035 சாம்பல் இது ரெண்டும்தான் தினமும் ஓடும்.

எந்த வகை பவுடர்னும் கேளுங்க. எபாக்சி கெமிக்கலுக்கு நல்லா தாங்கும் ஆனா வெயில் பட்டா வெளுத்து மாவு மாதிரி ஆயிடும். ப்யூர் பாலியஸ்டர் வெயிலுக்கு நல்லது. ரெண்டும் கலந்த ஹைப்ரிட் தான் வீட்டு பீரோ, ஆபீஸ் பர்னிச்சருக்கு போடுறது. உங்க கடை ஷட்டர் எந்தப் பக்கம் பாத்திருக்கு? மேற்கு வெயில் நேரா ட்ராலி மேல விழும்னா பாலியஸ்டர் சொல்லுங்க, உள்ள தள்ளி நிக்கும்னா ஹைப்ரிட் போதும்.

இனி குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டியது, இதுலதான் பாதி வேலை இருக்கு. யூனிட்ல 180ல இருந்து 200 டிகிரி வரைக்கும் வேக வைப்பாங்க, அதுவும் காத்து சூடு இல்ல, தகடே அந்த சூட்டுக்கு வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் நிக்கணும். அந்த சூட்டுல பிளாஸ்டிக், ரப்பர், ஸ்டிக்கர், கிரீஸ், பள்ளம் அடைக்கிற பட்டி எதுவும் உயிரோட வராது. வீல் கழட்டு, லாக் கழட்டு, டிராயர் ஓரத்து பிளாஸ்டிக் பட்டை உருவு, ஸ்டிக்கர ஹேர் டிரையர்ல சூடு பண்ணி உரி, உரிச்ச பசைய தின்னர்ல தொடை. ஸ்லைடு ரொம்ப முக்கியம், பால் பேரிங் கூண்டு பிளாஸ்டிக்கா இருக்கும், உள்ள கிரீஸ் இருக்கும், அத்தனையும் கழட்டி நம்பர் போட்டு டப்பால வைங்க. சில ட்ராலில பெட்டி பக்க ரெயில் ரிவெட் அடிச்சோ ஸ்பாட் வெல்டு வச்சோ இருக்கும், கழட்ட வராது, அப்ப கிரீஸ மண்ணெண்ணெய் போட்டு சுத்தமா கழுவிட்டு பால் ஓடுற பள்ளத்துல பச்சை கலர் ஹை-டெம்பரேச்சர் டேப் ஒட்டித் தரச் சொல்லுங்க, சாதா மாஸ்கிங் டேப் கருகிடும். பவுடர் 60ல இருந்து 80 மைக்ரான் கனம் வரும், பள்ளத்துல ஏறுச்சுன்னா டிராயர் இறுகிப்போயி அப்புறம் சுரண்டிட்டு உக்காரணும். ஸ்க்ரூ ஓட்டைல எல்லாம் பழைய ஸ்க்ரூவையே ஏத்தி விட்ருங்க.

துருவுக்கு நீங்க கவலைப்பட வேண்டாம், ஏழு டேங்க் ப்ராசஸ் உள்ள யூனிட்டா பாருங்க, எண்ணெய் எடுக்குறது, துரு எடுக்குறது, பவுடர் நல்லா பிடிக்க பாஸ்பேட் பூச்சு குடுக்குற பாஸ்பேட்டிங் எல்லாம் அதுல வந்துடும். வெறுமனே தண்ணில கழுவி துணில தொடைச்சு பவுடர் அடிக்கிற இடமும் இருக்கு, ரேட் கம்மியா இருக்கும், ஒரு மழைக்காலம் போனா ஓரத்துல இருந்து பாளம் பாளமா தூக்கிட்டு வரும். பழைய பெயின்ட்ட மட்டும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க, இல்ல அவங்களையே எடுக்கச் சொல்லி தனியா ரேட் பேசுங்க.

இதுல ஒண்ண மறக்காம சொல்லிக் குடுங்க: உங்க பெட்டி ஸ்பாட் வெல்டு, தகடு மேல தகடு ஏறுற மடிப்பு நிறைய இருக்கும், துரு எடுக்குற ஆசிட் அந்த மடிப்புக்குள்ள போயி உக்காந்துக்கும், காயாம பவுடர் போட்டா பின்னாடி மஞ்சளா கசிஞ்சு வரும். கழுவுனதும் ஒரு தடவ வெறும் தகட்ட ஓவன்ல விட்டு காயவச்சுட்டு பவுடர் போடுங்கன்னு கேளுங்க.

வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்துல பஞ்சுல தின்னர் தொட்டு தேய்ச்சுப் பாருங்க. லேசா மங்குனா பரவால்ல, கலர் கூழ் மாதிரி பஞ்சுல ஏறுச்சுன்னா சரியா வேகல, திரும்ப ஓவன்ல போடச் சொல்லுங்க. டிராயர் உள் மூலைல பவுடர் மெல்லிசாதான் விழும், கரண்ட் சார்ஜ்ல ஒட்டுற வேலை இது, ஆழமான மூலைக்குள்ள சார்ஜ் போகாது, அதுக்கு சண்டை போட வேண்டாம், ரப்பர் மேட் போட்டா மறைஞ்சுடும்.


சேலம்_டூவீலர் எழுதியது:

அண்ணே, மேடம், ஓசூர் சார், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அரக்கு பெட்டி, மயில்கழுத்து டிராயர்னு படிச்சதுமே கண்ணுல தெரியுது, அதுதான் பண்ணப்போறேன், வேற யோசனையே இல்ல. கடை வடக்கு பாத்தது, வெயில் உள்ள வராது.

ரெண்டு சந்தேகம். டிராயர் ஒடுக்க பட்டி பாத்து சரி பண்ணிட்டு பவுடர் குடுக்கலாம்னு இருந்தேன், சார் பட்டி தாங்காதுன்னு சொல்றார், அப்ப எப்படி? இன்னொண்ணு பழைய பெயின்ட்ட கிரைண்டர்ல வயர் பிரஷ் போட்டு எடுத்துடலாமா, வீட்டு வாசல்லயே உக்காந்து பண்ணலாம்னு பாக்குறேன்.


கோவை_டிங்கரிங் எழுதியது:

ஒடுக்குக்கு பட்டியே வேண்டாங்க முதல்ல. உள்பக்கம் டாலி (முட்டுக் குடுக்குற இரும்புக் கட்டை) குடுத்து வெளிப்பக்கம் சின்ன சுத்தில தட்டித் தட்டி எடுங்க, டிராயர் முகம் தட்டையான தகடு, பொறுமையா தட்டுனா முக்கால்வாசி வந்துடும். ரொம்ப வேகமா தட்டுனா தகடு நீண்டு டப்பு டப்புன்னு அமுங்கும், அது வந்துட்டா எடுக்குறது கஷ்டம். மிச்ச மேடு பள்ளத்துக்கு பவுடர் போட்டு வந்தப்புறம் முகத்துல மட்டும் எமரி தேய்ச்சு பாலியஸ்டர் பட்டி மெல்லிசா வச்சுக்கலாம், அதுக்கப்புறம் ஓவன் கிடையாதே, பியூ தானே. பட்டி வச்ச எடத்துல சர்ஃபேசர் (சமமாக்குற அடிப்பூச்சு) ஒரு கை அடிச்சு 600 வாட்டர் பேப்பர் போட்டு சமமாக்கிட்டு கருப்பு பேஸ் கோட் ஒரு கை ஓட்டிட்டு அப்புறம் பேர்ல் போங்க. பேர்ல்லயும் க்ளியர்லயும் ஒவ்வொரு சின்ன பள்ளமும் வெட்ட வெளிச்சமா தெரியும், இந்த எடத்துல அவசரப்படாதீங்க.

கிரைண்டர் வயர் பிரஷ் வீட்டு வாசல்ல வேண்டவே வேண்டாம் தம்பி. நம்ம நாட்டுல 2016ல போட்ட விதிப்படி வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாது, ஆனா அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயின்ட்டுக்கு மட்டும், இரும்பு சாமானுக்கு ஃபேக்டரில அடிக்கிறது அதுல வராது. பழைய சிவப்பு, மஞ்சள், பச்சை இண்டஸ்ட்ரியல் பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்ங்க. காஞ்ச தூசியா பறந்தா கொழந்தைங்க கை வழியா வாய்க்குப் போயிடும். ஒண்ணு ரிமூவர் பூசி உப்பி வந்தப்புறம் பட்டி தகட்டால வழிச்சு எடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்திட்டே உப்புத்தாள் போடுங்க, வழிச்சத பேப்பர்ல சுருட்டி மூட்டை கட்டிடுங்க, சாக்கடைல விடாதீங்க. ரிமூவருக்கு ரப்பர் கையுறை, நல்ல காத்து வர்ற இடம், ரெண்டும் கட்டாயம்.

மாஸ்க் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். டூ-கே ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்குங்க, ஸ்ப்ரே மூடுபனி மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒரு தடவ அது உடம்புக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி வாசம் பட்டாலும் மூச்சு இறுக்கும், ஆயுசுக்கும் பியூ பக்கமே போக முடியாது. எங்க தொழில்ல கர்ச்சீப் கட்டிட்டு அடிச்சு அப்படி ஆனவங்கள எனக்குத் தெரியும். துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் எதுவும் உதவாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதுமேல துகள் ஃபில்டரும் வச்ச முகமூடி புதுசா வாங்குங்க, கார்ட்ரிட்ஜ் ஃப்ரெஷ்ஷா இருக்கணும், கண்ணாடி போடுங்க, கை மூடுற சட்டை போடுங்க, நல்லா காத்தோட்டமா இருக்குற இடத்துல அடிங்க, பக்கத்துல ஆளுங்க யாரும் இருக்கக்கூடாது. இது முடியாதுன்னா டிராயர் ஏழையும் தூக்கிட்டு நல்ல பூத் வச்ச பைக் பெயின்டர்கிட்ட குடுத்துடுங்க, 7 சதுர அடி வேலை, ஒரு டேங்க் ரெண்டு சைடு பேனல் அடிக்கிற அளவுதான் வரும்.

இன்னும் ஒண்ணு, மெக்கானிக் கடைல செயின் லூப், டாஷ்போர்டு பாலிஷ், சிலிக்கான் ஸ்ப்ரேன்னு பறந்துட்டே இருக்கும், அது தகட்டுல பட்டிருந்தா பெயின்ட் அங்கங்க விலகி வட்ட வட்டமா ஓட்டை விழும். அடிக்கிற இடம் வேற எடமா இருக்கட்டும். ஈரத் துணில க்ளீனர் போட்டுத் தொடைச்சதும் அது காயுறதுக்குள்ள காஞ்ச துணில தொடைச்சு எடுங்க, ஒரே துணில ரெண்டையும் பண்ணா எண்ணெய அங்கேருந்து இங்க தடவுற வேலைதான்.


தறிவீடு_இளம்பிள்ளை எழுதியது:

அண்ணா பேர்ல் எடுக்கும்போது ஒரு தகட்டுல அடிச்சு உங்க கடைக்குள்ள ட்ராலி நிக்கப்போற இடத்துல அதே லைட்ல நட்டமா நிக்க வச்சுப் பாருங்க. புடவை எடுக்க வர்றவங்க கிட்டயும் நாங்க வாசலுக்கு எடுத்துட்டுப் போய் பாருங்கம்மான்னு சொல்லுவோம், மண்டப லைட்டுக்குன்னு எடுக்குறவங்க உள்ளயும் பாப்பாங்க. உங்களுக்கு உள் வெளிச்சம்தான் முக்கியம். ஒரே ஒரு பல்பு தலைக்கு மேல இருந்தா பச்சையே தெரியாம போகலாம், பக்கவாட்டுல ஒரு லைட் வச்சீங்கன்னா நடந்து போகும்போதே கலர் மாறும்.

கைப்பிடிய பித்தளை கலர்ல வைங்க, ஜரிகை இல்லாம அரக்கு பார்டர் இருக்காது :)


மதுரை_கேரேஜ் எழுதியது:

சரிண்ணே, ஒத்துக்குறேன், டிராயருக்கு பேர்ல் நல்லாதான் இருக்கும். ஜரிகைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, புல்லட் டேங்க்ல தங்கக் கோடு இருக்குல்ல, திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரில கையாலயே பிரஷ் வச்சு இழுத்தாங்களே, அந்த மாதிரி டிராயர் ஓரத்துல மெல்லிசா ஒரு தங்கக் கோடு இழுக்க ஆள் புடிங்க தம்பி. போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட் பழைய ஆளா இருந்தா பண்ணிடுவார். பேர்ல் மேல கோடு, அதுமேல க்ளியர், அப்பதான் கிரீஸ் கை பட்டாலும் அழியாது, சரிதானேண்ணே?


கோவை_டிங்கரிங் எழுதியது:

சரியா சொன்னீங்க, ஆனா கோட்டுக்கு எனாமல் எடுத்தா க்ளியர் மேல விழும்போது அது சுருங்கும். பேர்ல் அடிச்சு மேல ஒரு கை க்ளியர் விட்டு மறுநாள் மங்கவச்சு, கோட்ட ஹார்டனர் கலந்த தங்க கலர்ல இழுத்து, அதுவும் காஞ்சப்புறம் ரெண்டாவது க்ளியர் அடிங்க. கோடு தப்பாயிட்டாலும் க்ளியர் மேல இருக்குறதால பேர்லுக்கு சேதம் இல்லாம தொடைச்சுட்டு திரும்ப இழுக்கலாம்.

மழை பத்தி கேட்டிருந்தீங்க. பவுடர் வேலைய இப்பவே குடுத்துடுங்க, அது ஓவன் வேலை, மழை ஒண்ணும் பண்ணாது. பேர்ல், க்ளியர் மட்டும் மார்கழிக்குத் தள்ளிப் போடுங்க. ஹார்டனருக்கு ஈரம் ஆகாது, காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா உள்ள குமிழ் குமிழா நிக்கும். கம்ப்ரஸர் டேங்க்ல தண்ணி வடிச்சு விட்டு, லைன்ல ஒரு வாட்டர் செப்பரேட்டர் போடுங்க. மார்கழி விடியக்காலைல பனி இருக்கும், தகடு சில்லுன்னு இருக்கும்போது அடிக்காதீங்க, பத்து மணிக்கு மேல வெயில் ஏறட்டும்.


சேலம்_டூவீலர் எழுதியது:

இன்னிக்கு ட்ராலிய முழுசா பிரிச்சுட்டேன். பெட்டி பக்க ரெயில் ரிவெட் தான், டேப் ஒட்டித்தான் குடுக்கணும். அடித்தட்டுல துரு சுரண்டுனா ரெண்டு இடத்துல ஓட்டை விழுந்துச்சு, தகடு வச்சு வெல்டு பண்ணிட்டு குடுக்குறேன். 3005 பக்கத்துலயே ஒரு யூனிட்ல வர்ற வாரம் ஓட்டுறாங்களாம், ஏழு டேங்க் இருக்கு, பேசிட்டேன். கடைசியா ஒண்ணு, க்ளியர் அடிச்சப்புறம் எப்ப டூல்ஸ் அடுக்கலாம்?


ஓசூர்_பவுடர் எழுதியது:

வெல்டு வச்ச இடத்துல கசடு இல்லாம கிரைண்ட் பண்ணிக் குடுங்க, கசடு மேல பாஸ்பேட் பிடிக்காது, அங்கதான் முதல்ல தூக்கும். ரெயில் பள்ளத்துக்கு டேப் ஒட்டும்போது நீங்க பக்கத்துலயே நில்லுங்க, அந்தப் பையனுக்கு எது பள்ளம்னு தெரியாது.


கோவை_டிங்கரிங் எழுதியது:

க்ளியர் மறுநாள் கைல எடுக்குற அளவு காஞ்சிருக்கும், ஸ்லைடு மாட்டி டிராயர் உள்ள தள்ளிடலாம். ஆனா முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க, அதுவரைக்கும் பிரேக் ஆயில், பெட்ரோல், கார்ப் க்ளீனர் பக்கத்துல வராம பாத்துக்கங்க, ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க. கழுவுன ரெயில்ல லித்தியம் கிரீஸ் கொஞ்சமா தடவுங்க, அள்ளி அப்புனா இரும்புத்தூள் எல்லாம் அதுல ஒட்டிக்கும். டிராயர் மூடும்போது முகம் போய் மோதுற ஓரத்துல மெல்லிசா ஃபோம் டேப் ஒட்டுங்க, பேர்ல் முதல்ல உதிருறது அந்த விளிம்புலதான். மிச்சமான பேர்ல் டப்பாவ இறுக மூடி, எந்த கம்பெனி எந்த நம்பர் எத்தன கை அடிச்சீங்கன்னு டப்பா மேலயே எழுதி வைங்க, ஒரு டிராயர் திரும்ப அடிக்க வேண்டி வந்தா அதுதான் உதவும். முடிஞ்சதும் போட்டோ போடுங்க தம்பி, நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு.